பதினான்காவது தோட்டா

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் கண்ட செய்தியைக் கூறும் புறநானூற்றுப் பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். அதியமானின் தூதராகச் சென்ற அப்பெருமாட்டிக்குத் தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டினான். அவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க அகன்ற மனையில் அழகுற வைக்கப்பட்டிருந்தன. தம் தலைவனின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போலத் தொண்டைமானை இகழ்ந்த அந்த நயத்தை வகுப்பில் எடுத்துரைப்பது தமிழாசிரியர்க்கு என்றும் உவப்பான பணி. ஆயினும் அப்பாடலில் நாம் பெரிதும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. பயன்படாத நேரத்தில் படைக்கலம் எங்கே இருத்தல் வேண்டும்? காவல் மிக்க மனையில் என்பதே அதற்கு விடை. மன்னனுக்கு இழுக்காக ஔவையார் கண்ட அந்தக் காவல், இற்றை நாளில் படைக்கலம் வைத்திருக்கும் ஒவ்வொருவர்க்கும் தலையாய கடமையாகிவிட்டது.

அந்தத் தொண்டை மண்டலத்தின் ஒரு கூறே தாம்பரமும் அதனைச் சூழ்ந்த சென்னைத் தென்புறநகரும். கடற்கரை நிலையத்திலிருந்து மின்தொடர் வண்டியில் வருவோர் பரங்கிமலையைக் கடந்ததும் இந்நிலப்பகுதியின் இயல்பை உணரலாம். பரங்கிமலையில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1988 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்னும் பெயருடன் விளங்கும் தரைப்படை நிறுவனம் உள்ளது. 1992 முதல் மகளிரும் ஆங்குப் பயிற்சி பெறுகின்றனர். அடுத்துப் பல்லாவரம் கண்டோன்மென்ட். தாம்பரத்தின் கிழக்கே, சேலையூரை ஒட்டி விமானப்படை நிலையம். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம். இன்னும் தெற்கே, சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த அனுமந்தபுரத்தில் படையினரின் சுடுதளம். இவ்வாறு நம் புறநகரின் பெரும்பகுதி படைக்கலத்தின் அண்டையிலேயே வாழ்கிறது. சீருடை அணிந்தோர் நம் தெருக்களில் குடியிருக்கின்றனர். அவர்தம் மக்கள் நம் கல்லூரிகளில் பயில்கின்றனர். நம் மாணவரும் ஆண்டுதோறும் அப்பணிகளை நாடிச் செல்கின்றனர்.

தமிழ்த்துறை மலரில் கைத்துப்பாக்கியைப் பற்றிய கட்டுரை எதற்கு எனப் பெரியோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடம் பயின்று பின்னர்ச் சீருடைப் பணி ஏற்ற மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் எம்மைக் காண வந்திருந்தார். பணியின் பொருட்டுச் சில நாட்களில் கைத்துப்பாக்கியுடனேயே வீடு திரும்ப வேண்டிய நிலை அவருக்கு. நான்கு வயது மகள் வாயிலிலேயே ஓடிவந்து தந்தையின் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். "ஐயா, எனக்குப் பயிற்சி தந்தார்கள், என் மனைவிக்கு யார் தந்தார்கள்? நான் படித்த கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. அவள் படிக்கத் தமிழில் ஒரு பக்கமும் இல்லையே!" என்றார் அவர். அக்கேள்வி எம் நெஞ்சில் தைத்தது. படைக்கலத்தை ஏந்துவோர் சிலரே. அதன் அருகே வாழ்வோரோ பலர். அந்தப் பலர்க்காகவே இக்கட்டுரை.

முதற்கண் சொற்களைத் தெளிவோம். துப்பாக்கி என்பது துருக்கிய மூலத்திலிருந்து நம் மொழிக்கு வந்த சொல். தோட்டா உருதுவிலிருந்து வந்தது. குண்டு வேறு, தோட்டா வேறு என்பதைப் பலர் அறியார். குழலிலிருந்து பாய்ந்து செல்லும் ஈயப்பகுதியே குண்டு. அக்குண்டும், அதன் பின்னுள்ள வெடிமருந்தும், அடியில் அமைந்த பிரைமர் என்னும் பற்றுமருந்துக் குப்பியும், இவற்றைத் தாங்கும் பித்தளை உறையும் சேர்ந்ததே தோட்டா. சுட்ட பின் குண்டு இலக்கை நோக்கிச் செல்லும். உறை மட்டும் பின்தங்கும்.

கைத்துப்பாக்கிகளுள் இருவகை பெருவழக்கு. ஒன்று ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கி; மற்றொன்று பிஸ்டல் எனப்படும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. நம் நாளேடுகளும் திரைப்படங்களும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி எழுதுகின்றன. தென்புறநகர் மறவாத துப்பாக்கி நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1967 சனவரி 12ஆம் நாள், இராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஜி.இராமச்சந்திரனை நடிகர் எம்.ஆர்.இராதா சுட்ட நிகழ்ச்சியே அது. குண்டு கழுத்தில் பாய்ந்தது, எம்.ஜி.ஆர். உயிர் பிழைத்தாராயினும் அவர்தம் குரல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. காயக்கட்டுடன் அவர் காட்சி தந்த சுவரொட்டிகளைப் பரங்கிமலைத் தொகுதி வாக்காளர் நெடுநாள் மறக்கவில்லை. வழக்கு செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. அந்நிகழ்ச்சியில் ஒலித்தது ரிவால்வர். ரிவால்வரின் நடுவே உருளை ஒன்று சுழலும். அதன் அறைகளில் தோட்டாக்கள் இருக்கும். உருளையை வெளியே திறந்து நோக்கினால் எத்தனை தோட்டாக்கள் உள்ளன என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

அரைத் தானியங்கியின் இயல்பு அதுவன்று. அது தன் உள்ளடக்கத்தை மறைத்து வைக்கும் கருவி. அதனைச் சற்று விளக்குவோம்.

இவ்வகைக் கருவிகள் ஐரோப்பாவில் 1890களில் உருப்பெற்றன. செருமனியின் மௌசர் நிறுவனம் 1896ஆம் ஆண்டில் செய்த துப்பாக்கி புகழ்பெற்றது. பின்னர் அமெரிக்கரான சான் மோசசு பிரௌனிங் என்பார் அமைத்த வடிவங்களே உலகெங்கும் பரவின. 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் வகைத் துப்பாக்கியே. 1948 சனவரி 30ஆம் நாள் அண்ணல் காந்தியடிகளின் உயிரைக் குடித்தது இத்தாலிய நாட்டுப் பெரெட்டா என்னும் அரைத் தானியங்கி. மூன்று குண்டுகள் நொடிப்பொழுதில் பாய்ந்தன. பெல்சிய நாட்டில் 1935 முதல் செய்யப்பெற்ற பிரௌனிங் ஹைபவர் என்னும் வகையைத் தழுவியே, வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை நம் படையினர்க்கும் காவலர்க்கும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைச் செய்தது.

அதன் அமைப்பு வருமாறு. கைப்பிடியின் உள்ளே மேகசின் என்னும் தோட்டாக்கூடு செருகப்படும். கூட்டினுள் உள்ள சுருள்வில் தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கூரை போன்ற பகுதி ஸ்லைடு எனப்படும். குழலின் பின்முனையில் ஒரு தோட்டா மட்டும் அமரத்தக்க சிற்றறை உண்டு, அதுவே சேம்பர். ஸ்லைடைப் பின்னே இழுத்து விட்டால், அது வில்லின் விசையால் முன்னே பாயும். பாயும் பொழுது கூட்டின் மேலுள்ள தோட்டாவைத் தள்ளிச் சென்று அறையில் அமர்த்தும். டிரிக்கர் என்னும் விசையை அழுத்தினால் ஊசி பிரைமரைத் தாக்கும், மருந்து எரியும், குண்டு முன்னே பாயும். ஒவ்வொரு விசைக்கும் நிகரான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் விதிப்படி ஸ்லைடு பின்னே உந்தப்படும். உந்தப்படும் பொழுது வெற்றுறையை வெளியே எறிந்து, மீண்டும் முன்னே வந்து அடுத்த தோட்டாவை அறையில் வைத்துவிடும். இவை யாவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே செல்லும். மறுமுறை சுட மறுபடியும் அழுத்துதல் வேண்டும். ஆதலின் இதனை முழுத் தானியங்கி என்னாது அரைத் தானியங்கி என்கிறோம்.

இதனால் அறியத்தக்கது யாது? முதல் தோட்டாவை மட்டுமே மனிதன் அறைக்கு அனுப்புகிறான். அதன்பின் ஒவ்வொரு முறை சுடும்பொழுதும் கருவி தானே அடுத்ததை ஆயத்தம் செய்துகொள்கிறது. சுட்டு ஓய்ந்த கருவி ஓய்ந்ததாகத் தோன்றுமேயன்றி, உள்ளே அடுத்த குண்டை ஏந்தியே நிற்கும். ஹைபவர் வகையின் கூடு 13 தோட்டாக்களைக் கொள்ளும். கூட்டை எண்ணுவோர் பதின்மூன்று என்பர். ஆனால் ஒரு தோட்டாவை அறையில் ஏற்றிய பின் கூட்டை மீண்டும் நிரப்பினால் மொத்தம் பதினான்கு ஆகும். கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் பதின்மூன்றும் வெளியே வந்துவிடும். பதினான்காவது தோட்டா மட்டும் அறையிலேயே இருக்கும். உலகெங்கும் காலி என்று கருதப்பெற்ற துப்பாக்கிகள் எண்ணற்ற உயிர்களைக் குடித்தமைக்கு அந்தப் பதினான்காவது தோட்டாவே பெரிதும் காரணம்.

தேசிய மாணவர் படையைச் சார்ந்த மாணவர் சிலருடன் தென்புறநகரிலுள்ள பயிற்சித் தளம் ஒன்றிற்கு ஒருமுறை யாம் சென்றிருந்தோம். மாணவர் பயில்வது சிறிய .22 ரைபிள் மட்டுமே. அன்று அவர்களுக்குக் கைத்துப்பாக்கியையும் காட்டி விளக்க அங்கிருந்த ஹவில்தார் இசைந்தார். நடுவயதினர், குரல் உயர்த்தாதவர். மாணவர் எவரும் இல்லாத திசையில், மண்மேட்டை நோக்கிக் குழலைத் திருப்பி வைத்துக்கொண்டு, கைப்பிடியின் பொத்தானை அழுத்தினார். கூடு நழுவி அவர் கையில் விழுந்தது. அதனை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பிகளா, இப்போது இது காலியா?"

"காலி, ஐயா" என்றனர் அனைவரும் ஒருமித்த குரலில்.

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்."

"காலிதான், ஐயா."

அவர் மறுமொழி கூறவில்லை. ஸ்லைடைப் பின்னே இழுத்தார். உள்ளிருந்து தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, மேசைமேல் உருண்டு, தரையில் வீழ்ந்தது. அது மருந்தற்ற போலித் தோட்டாவே. விளக்கத்திற்காக அவர் முன்னரே வைத்திருந்தார். ஆயினும் மாணவர் முகங்கள் வெளிறின. அவர் குனிந்து அதனை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "நீங்கள் அத்தனை பேரும் காலி என்றீர்கள். இதற்கு உங்கள் பேச்சு கேட்காது" என்றார்.

காலி என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்து, நாளும் வழங்கும் சொல். குடம் காலி, பெட்டி காலி, வீடு காலி என எளிதாகக் கூறுகிறோம். கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை அச்சொல்லை எளிதாகக் கூறுதல் ஆகாது. அதனைக் கூற ஒரு முறை உண்டு. அம்முறைக்கு ஒரு வரிசை உண்டு. அதனை ஹவில்தார் மாணவர்க்கு மூன்று முறை செய்து காட்டினார்.

முதலாவதாக, ஆளற்ற பாதுகாப்பான திசையில் குழல் நிற்றல் வேண்டும். விரல் விசையைத் தொடாது வெளியே நீண்டிருத்தல் வேண்டும். இரண்டாவதாகக் கூட்டைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். மூன்றாவதாக ஸ்லைடை முழுவதும் பின்னே இழுத்து, அறையில் உள்ளது வெளியே விழச்செய்து, திறந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். நான்காவதாக, அறையைக் கண்ணால் நோக்கி, இருட்டாயின் சுண்டுவிரலால் தொட்டும் அறிந்து, கூடு செருகும் குழியையும் அவ்வாறே ஆராய வேண்டும். பின்னர் பார்வையை விலக்கி, மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து நோக்க வேண்டும். அதன் பின்னரே காலி என்று கூறுதல் தகும். கருவியைப் பிறரிடம் கொடுப்பவர் இவ்வளவையும் செய்து, திறந்த நிலையிலேயே கொடுத்தல் வேண்டும். வாங்குபவரும் கொடுத்தவர் மீது எத்துணை மதிப்பு உடையவராயினும், தாமும் இவ்வளவையும் மீண்டும் செய்தல் வேண்டும்.

வரிசை மாறினால் விளைவும் மாறிவிடும். கூட்டைக் கழற்றாமல் முதலில் ஸ்லைடை இழுத்தால் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். அதைக் கண்டவர் நிம்மதி கொள்வர். ஸ்லைடு முன்னே செல்லும்பொழுதோ கூட்டிலிருந்து வேறொரு தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பின்னர்க் கூட்டைக் கழற்றினாலும் அது உள்ளேயே தங்கும். செய்த செயல்கள் இரண்டும் சரியானவை. வரிசை ஒன்றே தவறு. தொழுகைக்கு முன் செய்யும் உளூவில் வரிசை பேணக் கற்ற நம் மாணவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

கருவியிலேயே காவல் உள்ளதே எனச் சிலர் கூறுவர். உண்மையே. விசையைப் பூட்டி வைக்கும் சேப்டி கேட்ச் பல துப்பாக்கிகளில் உண்டு. ஹைபவர் வகையில் கூட்டைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாதவாறு தடை ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் வேறு பல வகைகளில் அத்தடை இல்லை. கூடு இல்லாத நிலையிலும் அறையிலுள்ள தோட்டா வெடிக்கும். வெளியே கைம்முறைப் பூட்டே இல்லாத வகைகளும் இன்று மிகுதி. ஒரு துப்பாக்கியின் தடையை நம்பிப் பழகியவர் மற்றொன்றைக் கையில் எடுக்கும் நாளில் அந்தப் பழக்கமே அவர்க்குப் பகையாகும். பூட்டு தேய்ந்துபோகலாம், துரு ஏறலாம், போட்டதாக எண்ணியது போடப்படாமலும் இருக்கலாம். ஆகவே பூட்டைத் துணையாகக் கொள்க. அதனையே முழுதும் நம்புதல் வேண்டா.

காலி என்று கண்டறிந்த பின்னரும் குழலை மனிதர்பால் திருப்புதல் கூடாது என்பது உலகெங்குமுள்ள பயிற்றுநர் கூறும் விதி. இவ்விதி துப்பாக்கி தோன்றுவதற்கு முன்னரே நமக்கு அருளப்பெற்றது என்பதை எண்ணுந்தொறும் வியப்புறுகிறோம். எவரும் தம் சகோதரரை நோக்கிப் படைக்கலத்தைச் சுட்ட வேண்டா என்றும், ஷைத்தான் கையை நழுவச் செய்தால் அவர் நரகக் குழியில் வீழ நேரும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அம்புகளுடன் பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ செல்வோர், எவர்க்கும் காயம் நேராதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அவர்கள் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்குவதையும் தடுத்தார்கள். விளையாட்டுக்காகவும் கூடாது, உடன்பிறந்தவனிடமும் கூடாது என்பது அப்போதனைகளின் சாரம். எண்ணம் தூய்மையானதுதானே என்னும் சமாதானம் ஈண்டு ஏற்கப்படவில்லை. கை நழுவும் என்பதே அங்குக் கருதப்பட்டது. வாளுக்கும் அம்புக்கும் கூறியது, விரலசைவில் இயங்கும் கருவிக்கு எத்துணை மடங்கு பொருந்தும்!

அடுத்தது விரல். இலக்கை நோக்கிச் சுடுவதென முடிவு செய்யும் வரை விசையின் மீது விரலை வைத்தல் கூடாது. இடறி விழும்பொழுதும், திடுக்கிடும்பொழுதும் கைவிரல்கள் தாமாகவே இறுகும். விசைமேல் விரல் இருந்தால் துப்பாக்கி வெடித்துவிடும். துப்பாக்கி கைதவறிக் கீழே விழுமாயின் பாய்ந்து பிடிக்க முயலாது விழவிட வேண்டும் எனவும் பயிற்றுநர் கூறுவது இதனாலேதான். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே குழலைத் திருப்பிப் பார்த்தல் கொடிய தவறு. மருந்து சற்றுத் தாமதித்து எரிதலும் உண்டு. ஆதலின் இலக்கை நோக்கியவாறே 30 நொடிகளேனும் பொறுத்திருந்து, பின்னரே அதனை அகற்ற வேண்டும்.

மூன்றாவது, இலக்கின் பின்னே இருப்பது. 9 மில்லிமீட்டர் குண்டின் எடை ஏறத்தாழ 8 கிராம். அஃது ஒலியினும் விரைந்து குழலைவிட்டு நீங்கும். தடை இல்லையேல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழும். நெருங்கிக் கட்டப்பட்ட வீடுகளையுடைய குரோம்பேட்டையிலும் சிட்லபாக்கத்திலும் அத்தொலைவுக்குள் எத்தனை உயிர்கள் இருக்கும் என எண்ணிப் பாருங்கள். 2021 திசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் துணை இராணுவத்தினர் பயிற்சி செய்த சுடுதளத்தின் அருகே, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 சனவரி 3ஆம் நாள் அவன் தஞ்சை மருத்துவமனையில் உயிர் நீத்தான். அங்குப் பயன்பட்டவை நெடுந்தொலைவு சுடும் ரைபிள்கள். எனினும் பாடம் ஒன்றே. குண்டு இலக்கோடு நின்றுவிடும் என எவரும் உறுதி கூறல் இயலாது. பயிற்சி பெற்றோர் பயிற்சித் தளத்திலேயே இத்துணை விழிப்புடன் இருக்க வேண்டுமெனின், இல்லத்தில் எத்துணை விழிப்பு வேண்டும்!

இனி நம் நாட்டுச் சட்டம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இருபத்தொரு வயது நிறையாதவர் பொதுவாக அதனைப் பெறுதல் இயலாது. 9 மில்லிமீட்டர் வகை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது, உரிமம் பெறுவோர்.32 போன்ற வகைகளையே வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், உரிமம் கோருவோர் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியைப் பெற வேண்டும் என வகுத்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கொண்டாட்டங்களில் பொறுப்பின்றிச் சுட்டுப் பிறர்க்கு இடர் விளைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் பகுதியில் உரிமம் பெற்றோர் மிகச் சிலர். ஆயினும் தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும், பின் திரும்பப் பெறவும் அவர் கருவியை எடுத்துச் செல்ல வேண்டிவரும். கை மாறும் அத்தகைய வேளைகளில்தான் மேற்கூறிய வரிசை தவறாது பின்பற்றப்படல் வேண்டும்.

இல்லத்தில் பேண வேண்டுவனவும் சில உண்டு. துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருத்தல் வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பூட்டில் இருத்தல் வேண்டும். திறவுகோல் பிள்ளைகள் அறியாத இடத்தில் இருத்தல் வேண்டும். தலையணையின் கீழும், அலமாரியில் துணிகளுக்கு இடையிலும் வைப்பது மறைத்தலாகுமேயன்றிக் காத்தல் ஆகாது. பெற்றோர் அறியாத மறைவிடம் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் அறியாத மறைவிடம் இல்லை. துடைக்கும்பொழுது வெடித்தது என்னும் செய்திகளை நாளேடுகளில் அவ்வப்போது காண்கிறோம். துடைக்கும் மேசையில் தோட்டா ஒன்றேனும் இருத்தல் கூடாது என்பதும், துடைக்கத் தொடங்குமுன் அறையைக் கண்டறிதல் வேண்டும் என்பதும் அச்செய்திகள் கற்பிக்கும் பாடம்.

பிள்ளைகளுக்குக் கூற வேண்டியது இன்னும் எளிது. எங்கேனும் துப்பாக்கி ஒன்றைக் கண்டால் தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவர்களிடம் கூறு. அது பொம்மை போலத் தோன்றினாலும் அவ்வாறே செய். தெருவிலோ புதரிலோ காண நேர்ந்தால், பெரியவர்களும் அதனைத் தொடாது காவல்துறைக்கு 112 என்னும் எண்ணில் தெரிவித்தலே முறை. எம்மை நாடி வந்த மாணவர் தம் மகளுக்கு இவ்வளவே கற்பித்தார். வீடு திரும்பும் நாளில், வாயிலிலேயே "பொறு" என்று அவர் கூறும் ஒரு சொல்லுக்குக் குழந்தை நின்றுவிடுவாள். அவர் உள்ளே சென்று, ஒழுங்குமுறைகள் யாவும் முடித்து, பெட்டியைப் பூட்டி, கை கழுவி வெளியே வந்த பின்னரே தந்தையும் மகளும் தழுவிக்கொள்வர். அந்தச் சில மணித்துளிக் காத்திருப்பு அன்பின் குறைவன்று. அன்பின் நிறைவே அது.

திரைப்படம் இவை அனைத்திற்கும் மாறானதைக் கற்பிக்கிறது. நாயகன் விரலை விசைமேல் வைத்தே நடக்கிறான். நண்பனின் நெற்றியில் குழலை வைத்துச் சிரிக்கிறான். இடுப்பில் செருகிக்கொண்டு குதிக்கிறான். இன்று கைபேசியில் தற்படம் எடுப்போரும் அவ்வாறே நின்று படம் எடுக்கின்றனர். உண்மையான வல்லுநரைக் காண விழைவோர் விளையாட்டுச் சுடுதளத்தை நோக்குக. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் பயன்படுவது .22 அரைத் தானியங்கியே. 2024 பாரிசில் மனு பாக்கர் இரு வெண்கலங்கள் வென்றது காற்றுத் துப்பாக்கியால். குண்டு எதுவாயினும், மருந்தாயினும் காற்றாயினும், சுடாத நேரத்தில் அறையினுள் வண்ணக் கொடி ஒன்றைச் செருகி வைத்தல் பன்னாட்டுப் போட்டிகளின் கட்டாய விதி. அறையில் தோட்டா இல்லை என்பதை அக்கொடி யாவர்க்கும் காட்டும். உலகின் சிறந்த வீரரும் தம் வாய்ச்சொல்லால் காலி என உறுதி கூற அனுமதிக்கப்படுவதில்லை. கொடியைக் காட்டியே மெய்ப்பிக்க வேண்டும். தேர்ச்சி மிகுந்தோர்க்கும் இவ்விதியில் விலக்கு இல்லை.

கற்றவர்க்கு ஐயம் குறைவு என்பது பொதுவழக்கு. இத்துறையில் கற்றவர்க்கே ஐயம் மிகுதி. நேற்றுப் பார்த்தேன் என்பதும், அவர் பார்த்துக் கொடுத்தார் என்பதும், பலகாலம் பழகிய கருவி என்பதும் இங்குச் சான்றாகா. இப்பொழுது, என் கண்ணால், என் கையால் என்பதே சான்று. அவ்வாறு ஐயுறுவோரை அஞ்சுபவர் என எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும். உயிர் இறைவனின் அமானிதம். அதனைக் காக்கும் பொருட்டு எழும் அச்சம் அறிவின் பாற்பட்டதே.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளைப் பரங்கிமலையிலோ ஊனமாஞ்சேரியிலோ சீருடை அணிந்து நிற்பீர்கள். நாட்டைக் காக்கும் அப்பணி உயர்ந்தது. நம் சமுதாயத்திற்கும் பெருமை சேர்ப்பது. குறிதவறாது சுடுவதை உங்கள் பயிற்றுநர் கற்பிப்பர். அதனினும் முற்பட்ட பாடமாகப் பதினான்காவது தோட்டாவைத் தேடும் பழக்கத்தை இன்றே உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெரியோர்களே! உங்கள் இல்லத்திலோ உறவினர் இல்லத்திலோ படைக்கலம் இருப்பின், அஃது எங்கே இருக்கிறது, அதன் திறவுகோல் எவரிடம் உள்ளது என இன்றிரவே ஒருமுறை கேட்டறியுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டா. அக்கேள்வியால் எந்த உறவும் முறிந்துவிடாது. ஒருகால் ஓர் உயிர் காக்கப்படலாம். வல்ல இறைவன் நம் இல்லங்களையும் நம் இளைஞர்தம் கைகளையும் காத்தருள்வானாக!